இசைத்தட்டோடு 27 மாத மல்லுக்கட்டு: அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், ஒரு நிகழ்வு ஆய்வு

1942 ஜூலை முழுவதும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் விளக்கு அணையவில்லை. பேர்பெற்ற வாத்தியக் குழுக்கள் இரவு பகல் பாராமல் வந்து வாசித்துவிட்டுப் போயின. பாட்டு ஓடுமா ஓடாதா என்று நிதானமாக யோசிக்கும் நிலையில் நிறுவனங்கள் இல்லை. பஞ்சகாலத்துக்கு நெல் சேர்ப்பது போலக் கிடைத்ததையெல்லாம் பதித்து அடுக்கிக்கொண்டிருந்தன. ஆகஸ்ட் 1 முதல் எங்கள் உறுப்பினர் எவரும் ஒலிப்பதிவுக்கு வாசிக்கமாட்டார் என்று அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பின் தலைவர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ ஜூன் மாதமே கடிதம் அனுப்பிவிட்டார்.

சொன்னபடியே நடந்தது. அன்று நின்ற ஒலிப்பதிவு, மிகப் பெரிய இரண்டு நிறுவனங்களில் 1944 நவம்பர் 11 வரை நின்றே கிடந்தது. இருபத்தேழு மாதங்கள்.

கூலி போதவில்லை என்று நடந்த வேலைநிறுத்தம் அல்ல இது. ஒலிப்பதிவுக்கு அழைக்கப்பட்டவர்களுக்குக் கூலி நன்றாகவே கிடைத்து வந்தது. வாசித்தவர் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனபிறகும் அவருடைய வாசிப்பு ஊர் ஊராக வேலை பார்த்துக்கொண்டே இருக்கிறதே, அந்த வேலைக்குக் கூலி எங்கே என்பதுதான் வழக்கு. தொழிற்சங்கம் ஓர் இசைக்கலைஞருக்கு என்னதான் செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் கதையைத்தான் சொல்வேன். சங்கம் பெரும்பாடு பட்டு அந்தக் கூலியை வாங்கிக் காட்டியது. வாங்கியதை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் பதினைந்து ஆண்டு கழித்து இரண்டாக உடைந்தது.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள்

1896-இல் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கிய சங்கம் அது. ஊருக்கு ஒரு கிளை, கிளைக்கு ஓர் எண்: சிகாகோ 10, லாஸ் ஏஞ்சலஸ் 47, நியூயார்க் 802. நடன அரங்கில் ஓர் இரவுக்கு எவ்வளவு, நாடக அரங்கில் வாரத்துக்கு எவ்வளவு என்று அந்தந்தக் கிளை கூலிப்பட்டியல் போடும். அதற்குக் கீழே எந்த உறுப்பினரும் வாசிக்கக் கூடாது. கொடுக்க மறுக்கும் முதலாளியின் பெயர் தடைப்பட்டியலில் ஏறும். ஏறிவிட்டால் அவர் அரங்குக்கு ஒரு வாத்தியமும் வராது. எளிய ஏற்பாடுதான், நன்றாகவும் ஓடியது. ஆனால் இசை வேண்டுமென்றால் ஆள் வந்தாக வேண்டும் என்ற நிலை இருக்கும்வரைதான் அது ஓடும். ஆள் வராமலே இசை வந்துவிட்டால் கூலிப்பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1927 அக்டோபரில் பேசும்படம் வந்தது. மௌனப்பட அரங்குகளில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துவந்த சுமார் 22,000 பேரின் வேலை ஆடத் தொடங்கியது. மூன்று நான்கு ஆண்டுகளில் அந்தத் தொழிலே இல்லாமல் போயிற்று. அதற்கு ஈடாக ஹாலிவுட் படக்கூடங்களில் பிறந்த புது வேலை சில நூறு. ஒருவர் ஒருமுறை வாசித்தால் நாடு முழுவதும் கேட்கும் என்றால் கணக்கு அப்படித்தான் வரும்.

அப்போதைய தலைமை மக்களிடம் முறையிட்டது. 1930-இல் நாடெங்கும் நாளிதழ்களில் பெரிய பெரிய விளம்பரங்கள்: உலோக ரோபோ ஒன்று யாழ் மீட்டுகிறது, ரோபோ ஒன்று இசைத்தேவதையை இழுத்துக்கொண்டு போகிறது. டப்பாவில் அடைத்த இசையை ஏற்காதீர்கள் என்பது வேண்டுகோள். மக்கள் விளம்பரத்தைப் பார்த்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள், பேசும்படத்துக்கு டிக்கெட் வாங்கப் போனார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கு ஒலிநாடாவைத் தட்டிவிட்டபோது எத்தனை பேர் எழுந்து போனார்கள்? முகூர்த்த நேரத்தில் சத்தம் கேட்டதா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. நாகசுரக்காரர் எங்கே என்று கேட்டவர்கள் அவருடைய உறவினர்களாக இருந்திருப்பார்கள்.

அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. வானொலி நிலையங்கள் கடையில் ஒரு தட்டை வாங்கி, அதையே நாள் முழுக்க ஒலிபரப்பிக் காசு பார்த்தன. பால் வைட்மன் என்ற புகழ்பெற்ற வாத்தியக்குழுத் தலைவரின் தட்டுகளைப் பற்றிய வழக்கு நியூயார்க்கில் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 1940-இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் எழுதிய தீர்ப்பு, தட்டு விற்கப்பட்டபின் அதை ஒலிபரப்புவதைத் தடுக்க வாசித்தவருக்கும் உரிமையில்லை, பதித்த நிறுவனத்துக்கும் உரிமையில்லை என்று முடித்துவிட்டது. பாட்டை எழுதியவருக்குப் பதிப்புரிமை இருந்தது. வாசித்தவருக்கு எதுவும் இல்லை. சட்டத்தின் கதவு சாத்தப்பட்ட அதே ஆண்டில்தான் பெட்ரில்லோ தேசியத் தலைவரானார்.

சுண்டுவிரலால் கைகுலுக்கியவர்

சிகாகோவில் சாக்கடைத் தொழிலாளியின் மகன். இத்தாலியக் குடியேறிக் குடும்பம். ட்ரம்பெட் வாசித்தார், சுமாராக. 1922-இல் சிகாகோ கிளைக்குத் தலைவரானபின் வாசிப்பைவிடப் பேரம் தனக்கு நன்றாக வரும் என்று கண்டுகொண்டார். கிருமிப் பயம் அதிகம். கைகுலுக்கவேண்டி வந்தால் சுண்டுவிரலை மட்டும் நீட்டுவார். நடுப்பெயரோ சீசர். பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? போர்க்கால நாளிதழ்களில் அவர் சர்வாதிகாரியாக, மூர்க்கராக, கோமாளியாகத் தினமும் வலம் வந்தார்.

ஆனால் அவருடைய வாதத்தில் கோமாளித்தனம் கொஞ்சமும் இல்லை. ஐஸ் விற்றவன் குளிர்பதனப் பெட்டியைச் செய்யவில்லை, குதிரைவண்டிக்காரன் மோட்டார் காரைச் செய்யவில்லை. இசைக்கலைஞன் மட்டும்தான் தன்னை வெளியே தள்ளப்போகும் பொருளைத் தானே உட்கார்ந்து வாசித்துச் செய்துகொடுக்கிறான் என்று 1942-இல் அவர் சொல்லி வந்தார். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, தன் குரலையே மாதிரியாக எடுத்துக்கொண்டு பாடும் மென்பொருளைப் பற்றிக் கவலைப்படும் பாடகரும் இதையேதான் சொல்கிறார்.

சிகாகோவில் 1937-இலேயே அவர் ஒரு வெள்ளோட்டம் பார்த்திருந்தார். அந்த நகரத்தில் சங்க அனுமதியில்லாமல் ஒலிப்பதிவே கூடாது என்று தடை போட்டார். நிறுவனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நகரங்களுக்குப் போய்ப் பதித்தன. ஒரு கிளையின் கதவை மட்டும் மூடுவதில் பயனில்லை, மூடினால் எல்லாக் கிளைகளையும் ஒன்றாக மூட வேண்டும் என்ற பாடம் அவருக்கு அங்கே கிடைத்தது.

தடை எப்படி நடந்தது

தடை தொடங்குவதற்கு முன்பே அவர் ஒரு தவறு செய்தார். மிச்சிகன் மாநிலம் இன்டர்லாக்கனில் கோடைக்கால இசைமுகாமில் கூடிய பள்ளிப் பிள்ளைகளின் சேர்ந்திசையை என்பிசி வானொலி ஒலிபரப்புவது வழக்கம். கூலியில்லாத பிள்ளைகள் கூலிக்காரர்களின் வேலையைப் பறிக்கிறார்கள் என்று 1942 ஜூலையில் அதை நிறுத்த வைத்தார். தர்க்கப்படி அவர் சொன்னது பொருந்தலாம். ஆனால் நாடு போரில் இருக்கும் நேரத்தில், குழந்தைகளின் வயலினைப் பிடுங்கியவர் என்ற பெயர் ஒரே வாரத்தில் அவருக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு ஒலிப்பதிவுத் தடையின் நியாயத்தை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், கேட்டவர்கள் காதில் அந்தப் பிள்ளைகளின் பெயர்தான் விழுந்தது. இந்தக் கதையில் எனக்கு அவர்மேல் கோபம் வரும் ஒரே இடம் இது.

அரசு சும்மா இருக்கவில்லை. போர்ச் செய்தித்துறைத் தலைவர் எல்மர் டேவிஸ் தடையைக் கைவிடக் கேட்டார். நீதித்துறை ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டது. இது தொழிலாளர் தகராறு, அந்தச் சட்டத்தில் வராது என்று சிகாகோ நீதிமன்றம் அக்டோபரிலேயே தள்ளுபடி செய்தது. செனட் குழு கூப்பிட்டு விசாரித்தது. போர்க்காலத் தொழிலாளர் வாரியம் 1944-இல் தடையை நீக்க உத்தரவிட்டது, அவர் கேட்கவில்லை. கடைசியில் அந்த அக்டோபரில் அதிபர் ரூஸ்வெல்ட் நேரடியாகத் தந்தி அடித்தார். அதற்கும் மசியவில்லை. ஒன்றைச் சொல்ல வேண்டும்: போர்வீரர்களுக்கென்று அரசு வெளியிட்ட தட்டுகளுக்குச் சங்கம் தடை போடவில்லை. அவற்றுக்குக் கலைஞர்கள் கூலி வாங்காமலே வாசித்தார்கள்.

நிறுவனங்கள் இவ்வளவு நாள் தாங்கியது எப்படி? பாதிக் காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கால் ஆனது; அமெரிக்காவுக்கு அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. போரில் கப்பல் வரத்து சுருங்கவே, 1942 ஏப்ரலில் அரசு அரக்குப் பயன்பாட்டை வெட்டியது. பழைய தட்டுகளைச் சேகரித்து அரைத்துப் புதிதாக அச்சிடும் நிலை. அச்சிடவே சரக்கில்லாதபோது புதுப் பாட்டு வரவில்லையே என்ற வலி எப்படி உறைக்கும்? பூட்டிக் கிடக்கும் கடைக்கு முன்னால் மறியல் செய்ததுபோல் ஆயிற்று. தன் ஆயுதம் இப்படி மழுங்கும் என்று பெட்ரில்லோ எதிர்பார்த்திருக்கமாட்டார்.

மீதிக் காரணம் கிடங்கு. ஜூலையில் பதித்துவைத்தவை ஓராண்டுக்கு வந்தன. பிறகு பழைய தட்டுகளைத் தூசிதட்டினார்கள். காசாபிளாங்கா படம் நாடெங்கும் ஓடியபோது அதில் வரும் பாட்டைத் தட்டாக வாங்க மக்கள் கடைக்கு ஓடினார்கள். படத்தில் அதைப் பாடிய டூலி வில்சன் பதிக்க முடியாது. கூட வாசிக்க ஆளில்லை. 1931-இல் ரூடி வாலி பாடி மறந்துபோயிருந்த தட்டை மறுபடி அச்சிட்டு விற்றார்கள்.

மூன்றாவது ஓட்டை சங்கத்தின் விதியிலேயே இருந்தது. பாடகர்கள் அதில் உறுப்பினர் அல்லர். குரல் வாத்தியமாகாது என்பது விதி. உடனே நிறுவனங்கள் வாத்தியமே இல்லாமல், பின்னால் ஒரு கோரஸ் குழுவை 'ஊஊ' என்று இழுக்கவைத்துப் பாடகர்களைப் பதித்தன. ஃபிராங்க் சினாட்ரா கொலம்பியா நிறுவனத்தில் 1943-இல் பதித்த முதல் தனித்தட்டுகள் அப்படிப்பட்டவை. அதுவரை தட்டின்மேல் குழுத்தலைவரின் பெயர் பெரிதாகவும் பாடகர் பெயர் சிறிதாகவும் இருக்கும். தடை முடிந்தபோது வரிசை மாறிவிட்டது. பெரிய வாத்தியக் குழுக்களின் காலம் அஸ்தமித்ததற்குத் தடைதான் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆட்கள் போருக்குப் போனது, பெட்ரோல் பங்கீட்டால் ஊர்ப்பயணம் நின்றது, 1944-இல் இரவுக்கேளிக்கை வரி 30 விழுக்காடாக ஏறியது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் பழியைச் சங்கத்தின் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. ஆனாலும் பாடகருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்ததில் சங்கத்துக்குப் பங்குண்டு.

ஈடு செய்ய முடியாத இழப்பும் ஒன்று. 1943-இல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் ஒன்றாக இருந்தார்கள். பின்னாளில் பீபாப் என்று பெயர் பெற்ற ஜாஸ் பாணி முளைவிட்ட இடங்களில் ஒன்று அந்தக் குழு. அது ஒரு தட்டும் பதிக்கவில்லை. கேட்டவர்கள் சொன்னதுதான் மிச்சம்.

ஒரு சென்ட்டில் கால் பங்கு

முதலில் இறங்கிவந்தது டெக்கா, 1943 செப்டம்பரில். அடுத்த மாதம் கேபிடல். ஏன் இந்த இருவரும்? கேபிடல் 1942-இல் பிறந்த குழந்தை, கிடங்கில் சரக்கில்லை. டெக்காவின் பிழைப்பு புத்தம்புதுப் பாட்டுகளில் இருந்தது. அடம்பிடித்த விக்டர் நிறுவனத்தின் முதலாளி ஆர்சிஏ, என்பிசி வானொலிக்கும் சொந்தக்காரர்; கொலம்பியா தட்டுகள் சிபிஎஸ் வானொலியின் கையில். அவர்களுக்கு இது தட்டு விவகாரம் மட்டுமன்று. இங்கே விட்டுக்கொடுத்தால் நாளை வானொலியில் வந்து கேட்பார்கள் என்ற பயம். அதற்குள் சிறு நிறுவனங்கள் வரிசையாகக் கையெழுத்திட்டு, சந்தையில் புதுத் தட்டுகளைக் கொட்டத் தொடங்கின. ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு பெரியவர்களும் வந்தார்கள்.

ஒப்பந்தம் இதுதான்: விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும், அதன் விலையைப் பொறுத்துக் கால் சென்ட்டிலிருந்து ஐந்து சென்ட் வரை நிறுவனம் கட்ட வேண்டும். தனித்தனி வாசிப்பாளரின் கைக்கு அல்ல, சங்கம் வைத்திருக்கும் நிதிக்கு. அந்த நிதியைக் கொண்டு சங்கம் வேலையில்லாத கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து, பூங்காக்களிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் இலவசக் கச்சேரி நடத்தும்.

தொகை சிறிது, ஆனால் அதற்குள் இருந்த கருத்து பெரிது. தட்டால் வேலை இழந்தவருக்குத் தட்டே கூலி தரவேண்டும் என்கிறது அது. ஒரு தொழிலில் இயந்திரத்தைக் கொண்டுவருபவர் அந்தத் தொழிலாளர் கூட்டம் முழுவதற்கும் தொடர்ந்து ஈடு கட்டுவது அதுவரை நடக்காத காரியம். நாடாளுமன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. வானொலி நிலையங்கள்மேல் சங்கம் செலுத்திய நெருக்கடியைத் தடுக்க 1946-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பெட்ரில்லோ எதிர்ப்புச் சட்டம் என்றே பெயராகிவிட்டது. 1947-இன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், தன்னிடம் வேலை செய்யாதவர்களுக்காக ஒரு முதலாளி சங்கத்தின் கையில் பணம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. கச்சேரி நிதி அதோடு நின்றது.

பெட்ரில்லோ மறுபடி கதவைச் சாத்தினார். 1948 ஜனவரி 1 முதல் இரண்டாவது தடை. இந்த முறை பாடகர்களுக்குப் பின்னால் ஹார்மோனிகா வந்தது. அதைச் சங்கம் வாத்தியமாகவே மதித்திருக்கவில்லை. விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவைத்தது தன் தடையை உடைக்க வந்து நின்றபோதுதான் அதை ஊதுகிறவரும் கலைஞர் என்ற ஞானம் பிறந்தது.

டிசம்பரில் முடிவு கண்டார்கள். பணம் சங்கத்துக்கு வேண்டாம், நிறுவனங்களிடமும் இருக்க வேண்டாம். நடுவில் தனி அறங்காவலர் ஒருவரை வைத்து அறக்கட்டளை ஒன்று: இசை நிகழ்த்துநர் அறக்கட்டளை நிதி. முதல் அறங்காவலர் சாமுவேல் ரோசன்பாம். அந்த அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. முதியோர் இல்லத்தில் நடக்கும் ஒரு மதியக் கச்சேரிக்கு நுழைவுக்கட்டணம் இருக்காது. ஆனால் வாசிக்கும் நால்வருக்கும் அந்த ஊர்க் கிளை வகுத்த கூலி வந்துவிடும். கேட்கிற பாட்டிகளுக்கு அந்தப் பணம் எங்கோ விற்ற ஒரு தட்டிலிருந்து வந்தது என்பது தெரியவேண்டிய அவசியமில்லை.

பணம் யாருடையது

இதுவரை எல்லாம் சரி. இனிமேல்தான் சிக்கல்.

லாஸ் ஏஞ்சலஸ் கிளையில் ஒலிப்பதிவும் படவேலையுமே பிழைப்பாகக் கொண்ட சில நூறு பேர் இருந்தார்கள். தட்டில் கேட்பது அவர்களுடைய மூச்சு, அவர்களுடைய வில். தட்டு விற்க விற்கப் பணம் சேர்ந்தது அறக்கட்டளையில். அங்கிருந்து அது நாடெங்கும் உள்ள கிளைகளுக்குப் பிரிந்து, வாரக்கடைசியில் மட்டும் வாசிக்கும் கடைக்காரருக்கும் முடிதிருத்துபவருக்கும் போயிற்று. சங்கத்தில் பெரும்பான்மை அவர்கள்தாம். மாநாட்டில் கை தூக்குகிறவர்களும் அவர்கள்தாம். ஒலிப்பதிவுக் கூலி உயர்வு என்று பேசி வாங்கியதையும் பெட்ரில்லோ நிதியில் சேர்த்தார். பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது வாசித்தவர்களுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்த தொகையும் 1955-இல் நிதிக்குத் திரும்பியது. போதாக்குறைக்கு, தொலைக்காட்சிப் படங்களின் வருவாயில் 5 விழுக்காடு நிதிக்கு வேண்டும் என்று அவர் நின்றதால், தயாரிப்பாளர்கள் வெளிநாட்டில் பதித்த பின்னணி இசையை வாங்கி ஒட்டினார்கள். வேலையும் போயிற்று, நிதியும் வரவில்லை.

செசில் ரீட் என்ற ட்ரம்பெட் கலைஞர் 1956-இல் கிளைக்குள் கலகம் செய்தார். தேசிய மாநாடு அவரை ஓராண்டுக்கு வெளியேற்றியது. 1958-இல் அவரும் கூட்டாளிகளும் போட்டிச் சங்கம் தொடங்கினார்கள். பழைய சங்கம் படக்கூடங்களுக்கு எதிராக வேலைநிறுத்தத்தில் இருந்த வேளையில், ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் படக்கூடக் கலைஞர்களின் பெரும்பான்மையை வென்றார்கள். அதே ஆண்டு பெட்ரில்லோ தேசியத் தலைமையிலிருந்து இறங்கினார்.

யார் பக்கம் நியாயம்? பல ஆண்டுகளாக நான் இதில் ஊசலாடியிருக்கிறேன். வேலை இழந்த 22,000 பேரை நினைத்தால் பெட்ரில்லோ பக்கம் சாய்கிறேன். தன் வாசிப்புக்கு வந்த பணத்தைத் தன்னைக் கேட்காமல் பிரித்துக் கொடுத்ததை நினைத்தால் ரீட் பக்கம். ஆனால் ஒன்று நிச்சயம். 1942-இல் வேலை இழந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். 1956-இல் பணம் வாங்கியவர்களில் பலர் தட்டால் எதையும் இழந்தவர்களாக இருந்திருக்க வழியில்லை. ஈட்டுத்தொகை என்று தொடங்கியது மானியமாக மாறிவிட்டதைப் பெட்ரில்லோ பார்க்க மறுத்தார். ரீட் குழுவின் வெற்றிக்கும் விலை உண்டு: அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில், படக்கூடங்கள் மாதச்சம்பளத்துக்கு வைத்திருந்த நிரந்தர வாத்தியக்குழுக்கள் ஒழிந்தன. அதன்பின் ஹாலிவுட்டில் எல்லோருமே அழைத்தால் போகிறவர்கள்தாம்.

1961-இல் இரு சங்கங்களும் சமரசமாயின. அறுபதுகளின் நடுவில் நிறுவனங்கள் கட்டும் தொகையில் பாதி தனி நிதியாகப் பிரிந்து, வாசித்தவர்களுக்கே ஆண்டுதோறும் காசோலையாகப் போகத் தொடங்கியது. படங்கள் தொலைக்காட்சிக்கும் பிற்பாடு வீடியோவுக்கும் போகும்போது வாசித்தவர்களுக்குப் பங்கு தரும் நிதி 1972-இல் வந்தது. அப்படியாக, ஒரே தட்டிலிருந்து இரண்டு ஓடை: ஒன்று வாசித்தவருக்கு, இன்னொன்று ஊருக்கு. பதினைந்து ஆண்டுச் சண்டையை முதலிலேயே இப்படித் தீர்த்திருக்கலாமே என்று தோன்றும். சண்டை போடாமல் இந்தக் கணக்கு யாருக்கும் பிடிபட்டிருக்காது.

இன்னொரு கணக்கையும் இங்கே மறைக்கக் கூடாது. இத்தனை நாளும் பல நகரங்களில் வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை. சிகாகோவில் பெட்ரில்லோவின் 10-ஆம் கிளைக்குப் பக்கத்திலேயே கறுப்பரின் 208-ஆம் கிளை. லாஸ் ஏஞ்சலஸில் 767-ஆம் கிளைக்காரர்களுக்குப் படக்கூட வேலை எட்டாக்கனி, அழைப்பெல்லாம் 47-க்குத்தான். பட்டி காலெட், மார்ல் யங், ரெட் காலண்டர் போன்றவர்கள் இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்கும் ஒத்திகைக் குழு நடத்தி, கிளைத் தேர்தலில் நின்று, 1953-இல் இணைப்பை நடத்தி முடித்தார்கள். சிகாகோவில் அது 1966 வரை இழுத்தது. தலைமை பதவியில் இருந்துகொண்டு செய்யாததை உறுப்பினர்கள் செய்தார்கள்.

மேசைமேல் ஒரு படிவம்

சங்கத்தின் உதவி அன்றாடம் எப்படிக் கைக்கு வருகிறது என்று பார்க்க வேண்டுமானால், ஓர் ஒலிப்பதிவு முடியும் நேரத்தில் கூடத்துக்குள் போக வேண்டும். சராசரி அமர்வு மூன்று மணி நேரம். அதற்குள் முடித்துக்கொடுக்கும் இசை பதினைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கூடுதல் கூலி. குழுத்தலைவருக்கு இரட்டைக் கூலி. புல்லாங்குழல் வாசிக்க வந்தவரைக் கிளாரினெட்டும் எடுக்கச் சொன்னால் அதற்குத் தனியாக ஒரு விழுக்காடு. ஹார்ப்போ டபுள் பாஸோ தூக்கிவந்தவருக்குச் சுமைக்கூலி. இத்தனையும் பி-4 என்ற ஒரு படிவத்தில் ஏறுகிறது: யார் யார், எந்தக் கிளை, என்ன வாத்தியம், எந்தப் பாட்டு, எவ்வளவு நேரம், ஓய்வூதியத்துக்கு எவ்வளவு. 1959-இல் தொடங்கிய ஓய்வூதிய நிதிக்கும் ஆண்டுக் காசோலைக்கும் ஆதாரம் அந்தத் தாள்தான்.

ஆகவே படிவம் போடாமல் ரொக்கம் கொடுத்து அனுப்பும் பதிவுகளும் உண்டு. அங்கே அதற்கு டார்க் டேட் என்று பெயர். அன்றைக்குக் கையில் கொஞ்சம் கூடுதலாகக் கூட விழலாம். பாட்டு நாற்பது ஆண்டு கழித்து ஒரு விளம்பரத்தில் ஒலிக்கும்போதுதான் அன்று விட்டது என்னவென்று தெரியும். தாளில் பேரில்லை என்றால் அந்த வாசிப்பு அவருடையது என்று யார் சொல்வது?

சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் திரையிசை வாத்தியக்காரர்களைச் சங்கமாகத் திரட்ட முன்னின்றபோது, கூடத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போகிறவரின் கூலியும் மரியாதையும்தான் முதல் பிரச்சினை. சின்தசைசரும் கணினியும் வந்து வயலின் வரிசைகள் மெலிந்தபோது, வந்த இயந்திரத்திடமே பங்கு கேட்கும் நிலையில் இங்கே யாரும் இல்லை. நியூயார்க்கில் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 2003 மார்ச்சில் அதே சண்டை நான்கு நாள் நடந்தது. பெரிய அரங்குகளில் குறைந்தபட்சம் 24 முதல் 26 பேர் வாசிக்க வேண்டும் என்ற விதியை எடுக்கத் தயாரிப்பாளர்கள் முனைந்தார்கள். மறுத்தால் கணினி இசையைக் கொண்டு நாடகம் நடத்துவோம் என்றார்கள். 802-ஆம் கிளை வாசலில் மறியலுக்கு நின்றது. நடிகர்களும் மேடைத்தொழிலாளர்களும் அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போகவில்லை, அரங்குகள் இருண்டன. மேயர் தன் மாளிகையில் இரவெல்லாம் உட்காரவைத்துப் பேசவைத்தார். எண் 18, 19 என்று குறைந்தது, ஆனால் விதி நிலைத்தது. 1930-இன் விளம்பரங்கள் செய்யாததைப் பக்கத்துத் தொழிலாளி செய்தார்.

வைட்மன் வழக்கில் சாத்திய கதவு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாட்டைப் போட்டால் வாசித்தவருக்கு இன்றும் ஒரு சென்ட் கிடையாது. இணைய வானொலிக்கும் செயற்கைக்கோள் வானொலிக்கும் மட்டும் 1995-க்குப் பிறகு வந்த சட்டங்களில் வழி பிறந்தது: வரும் தொகையில் பாதி தட்டின் உரிமையாளருக்கு, 45 விழுக்காடு முன்னணிக் கலைஞருக்கு, 5 விழுக்காடு பின்னால் வாசித்தவர்களுக்கும் கூடப் பாடியவர்களுக்கும். அந்த ஐந்தை இசைக்கலைஞர் சங்கமும் நடிகர் சங்கமும் கூட்டாக நடத்தும் நிதி பிரித்துக் கொடுக்கிறது, உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் சேர்த்து. ஒவ்வொரு பாட்டிலும் மூன்றாவது வயலின் யார், கைதட்டியது யார் என்று பழைய பி-4 தாள்களைப் புரட்டித் தேடுவது அங்கே சிலருக்கு முழுநேர வேலை. ஆள் கிடைக்காத பெயர்களைப் பட்டியலாக்கி வெளியிடுகிறார்கள்: இன்னாருக்குப் பணம் வந்திருக்கிறது, தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும் என்று. பட்டியல் நீளமானது.